சீல் வைத்த டீசல் டேங்க்

சந்தேகப்படுவது கெட்ட குணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதற்குத்தான் மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள். கடைகளில் இருக்கும் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை வைக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. கடைக்காரர் சிரித்தால் சந்தேகம். சிரிக்காவிட்டால் அதிக சந்தேகம். டீ வரவழைத்தால் தராசைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிடுவேன். (டீயையும் குடித்துவிடுவேன்.)

இந்தக் குணத்தை அலுவலகத்திலேயே பூட்டி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஏழெட்டு வருடங்களுக்கு முன் ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன். ஐந்து பேர் உட்காரும் குட்டி எஸ்யூவி. என்ன கம்பெனி என்று சொல்ல மாட்டேன். தப்பு அவர்கள் மேல் இல்லை, பத்து வருடம் ஓடிய வண்டியைப் பளபளப்பை மட்டும் பார்த்து வாங்கிய என் மேல். "டாக்டரு ஓட்டின வண்டிங்க" என்றார் புரோக்கர். தர்மபுரியில் விற்பனைக்கு வரும் பழைய வண்டி அத்தனையையும் ஒரு டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார். ஒரு டாக்டருக்கு இத்தனை வண்டி எதற்கு என்று சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடத்தில் மட்டும் எனக்கு வரவில்லை.

வாங்கிய பிறகுதான் வண்டி தன் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் அடியில் யாரோ அம்மிக்கல்லை உருட்டுவது போலச் சத்தம். சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் எல்லாம் தேய்ந்து போயிருந்தது. அதை மாற்றிய கையோடு கிளட்ச் போனது, செட்டுக்குப் பதினான்காயிரம். டர்போவுக்குக் காற்று போகும் குழாய் வெடித்து, பின்னால் பைக்கில் வந்தவர் முகத்தில் கரி பூசியது. மேடு ஏறும்போது ஏசி சூடான காற்றை ஊதும், இறக்கத்தில் குளிரும். மார்கழிக் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். கதவுப் பூட்டு தனக்குத் தோன்றும்போது திறந்துகொள்ளும். டீசல் மீட்டரின் முள் மட்டும் ஒழுங்காக வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொடுத்தவன் என் மச்சான் ஆரோக்கியம். என் மனைவி ஸ்டெல்லாவின் ஒரே தம்பி. பைபாஸ் ஓரம் சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறான். திறமைசாலி என்று ஊர் சொல்லும், அதை ஊருக்கு முன்பே அவன் சொல்லிவிடுவான். "பானெட்ட தொறக்கவே வேணாம் மாமா. சத்தத்த கேட்டே சொல்லிடுவேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்பான், பாட்டுக் கச்சேரி கேட்பவன் போல. பத்துக்கு ஆறு தடவை சரியாக இருக்கும். மீதி நான்கு தடவை நல்ல பாகத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவான்.

அவனிடம் எனக்கு இருந்த ஒரே பிரச்சினை, அவன் கூலி வாங்க மாட்டான். பாகங்களுக்கு மட்டும் காசு. "அக்கா வூட்டு வண்டிக்கு கூலியா?" என்பான். எங்கள் அலுவலகத்தில், "உங்களுக்கு எடை கூடவே போடறேன் சார்" என்று சொல்லும் கடையில்தான் முதலில் தராசைப் புரட்டுவோம். சும்மா செய்கிறேன் என்கிறவன் வேறு எங்கோ எடுத்துக்கொள்கிறான் என்று என் மனம் கணக்குப் போட்டது.

முதலில் கழற்றிய பழைய பாகங்களைக் கையில் கொடுக்கச் சொன்னேன். ஒரு சாக்கு நிறைய இரும்பு வீட்டுக்கு வந்தது. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அதை வைத்ததும் ஸ்டெல்லா பத்ரகாளி ஆனாள்.

"அவன் என் தம்பிங்க. அவனையா நம்ப மாட்டேங்கறீங்க?"

"உன் தம்பிங்கறதாலதான் சாக்கோட நிறுத்தினேன். வேற ஆளா இருந்தா எடை போட்டு வாங்கியிருப்பேன்."

அடுத்து டீசல். வண்டியை ஒரு நாள் ஷெட்டில் விட்டேன். விடும்போது முள் பாதியில் இருந்தது. மறுநாள் எடுக்கும்போது கால்வாசிக்கு இறங்கியிருந்தது. ஷெட்டில் நின்ற வண்டி எங்கே ஓடியது? யார் குடித்தது? அவனிடம் நேரடியாகக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவான், அப்புறம் சந்தேகப்பட என்ன இருக்கிறது? எங்கள் தொழிலில் கேட்பது கிடையாது. முத்திரை வைப்பதுதான்.

டேங்க் மூடியின் மேலும் கழுத்தைச் சுற்றியும் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றினேன். அதன் மேல் கறுப்பு டேப் நாலு சுற்று. அதற்கும் மேல் ஸ்டெல்லாவின் சிவப்பு நெயில் பாலிஷால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, என் இனிஷியலைப் போட்டேன். யாராவது பிரித்தால் கோடு உடையும், நான் பிடித்துவிடுவேன். பங்க்குக்குப் போகும்போது நானே பிரித்து, டீசல் போட்டு, பக்கத்து வேப்பமரத்தடியில் நிறுத்தி நானே மறுபடி கட்டுவேன். பிரிக்கும்போது உள்ளேயிருந்து 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். கட்டு எவ்வளவு இறுக்கம் பார் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த வாரத்திலிருந்து வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது.

முதலில் அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில். அடுத்து பாலக்கோடு ரோட்டில். அப்புறம் என் அலுவலக வாசலிலேயே, எல்லாக் கடைக்காரர்களும் பார்க்க. ஒவ்வொரு தடவையும் ஆரோக்கியம் வந்து கண்ணை மூடிச் சத்தம் கேட்பான். (நின்றுபோன வண்டியில் என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை.) டீசல் ஃபில்டரைக் கழற்றுவான், புதிதாக மாட்டுவான், வண்டி குதிரை போல ஓடும். "பாத்தீங்களா மாமா?" என்பான். ஒரு வாரத்தில் மறுபடி நிற்கும். அடுத்த தடவை பம்ப்பைக் கழற்றினான். அதற்கடுத்து ஏதோ சென்சார். எதைக் கழற்றினாலும் வண்டி ஓடியது, எதை மாற்றினாலும் நின்றது. செலவு மட்டும் நிற்கவில்லை.

எனக்கு விடை கிடைத்துவிட்டது. டீசலுக்கு நான் பூட்டுப் போட்டதும் பையன் வேறு வழி கண்டுபிடித்துவிட்டான். இவனே கெடுக்கிறான், இவனே சரி செய்கிறான், பாகத்தில் கமிஷன் பார்க்கிறான். இந்தத் துப்பறிவை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அன்றிரவு எனக்குப் பழைய சோறும் ஊறுகாயும்தான்.

இந்த நிலையில்தான் ஆரோக்கியத்துக்கு ஒரு பெண் அமைகிற மாதிரி வந்தது.

அவனுக்கு வயது முப்பத்துநாலு. ஏற்கெனவே பல இடம் பார்த்து, மெக்கானிக் மாப்பிள்ளை வேண்டாம் என்று தட்டிப்போயிருந்தது. இது மொரப்பூர் தாண்டி உள்ளே ஒரு கிராமம். பெண் ரோஸ்லின், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அப்பா சின்னப்பன், விவசாயி. எங்களைப் போலவே மாதா கோயில் ஆட்கள்தான். இரு பக்கமும் ஃபோட்டோ பிடித்துவிட்டது. "தொழில் எதுவா இருந்தாலும் சரி. கை சுத்தமான பையனான்னு மட்டும் நாலு எடத்துல விசாரிக்கணும்" என்று சின்னப்பன் தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே பொண்ணே பாக்க வேணாம்னு சொல்லிட்டான்" என்றாள் ஸ்டெல்லா. அவள் கண் கலங்கியிருந்தது. அப்பா அம்மா இல்லாத வீடு. பெரியவர்கள் என்று போய் உட்கார நானும் அவளும்தான். அதாவது அவனுக்கு அப்பா ஸ்தானத்தில் நான்.

அந்த ஸ்தானத்துக்கு ஏற்ற மாதிரி காலையிலேயே டேங்க்கை நிரப்பி, எப்போதையும் விட இரண்டு சுற்று கூடுதலாகக் கட்டி, புதுக் கோடு போட்டு வண்டியை எடுத்தேன். ஆரோக்கியம் வெள்ளைச் சட்டையில் முன்னால் உட்கார்ந்திருந்தான். நகத்து இடுக்கில் இருந்த கிரீஸை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கை இரண்டும் சிவந்திருந்தது.

மொரப்பூர் தாண்டி, அந்த ஊருக்குத் திரும்பும் ஏரிக்கரை மேல் வண்டி நின்றது.

ஒற்றை ரோடு. ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் நெல் வயல். பின்னால் டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அப்புறம் பஸ்ஸும் ஓய்ந்து, ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஆரோக்கியம் சட்டைக் கையை மடித்துவிட்டு பானெட்டுக்குள் குனிந்தான். ஸ்டெல்லா வண்டிக்குள்ளேயே ஜெபமாலையை எடுத்துவிட்டாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் இரண்டு கையிலும் பலகாரப் பையோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன சார், டீசல் இல்லீங்களா?"

"காலையிலதான் ஃபுல் பண்ணேங்க. முள்ளு பாருங்க, பாதிகூட காட்டல."

"அட. யாரு பாக்கறது வண்டிய?"

சிலருக்குச் சோகத்தில் அழுகை வரும். எனக்குப் பேச்சு வரும். அதுவும் முன்பின் தெரியாதவர் என்றால் தைரியமாக வரும். குரலைத் தாழ்த்தி, "அதோ குனிஞ்சிக்கிட்டு இருக்கானே, அவன்தான். சொந்த மச்சான். அதுதாங்க பிரச்சினையே" என்றேன்.

"ஏனுங்க?"

"கூலியே வாங்க மாட்டான்ங்க. கூலி வாங்காதவன் எங்கிருந்துங்க எடுப்பான்? நீங்களே சொல்லுங்க. நிக்கற வண்டில டீசல் காணாம போவுது. நல்ல பாகம் எல்லாம் கெட்டுப்போவுது. வெளிய சொல்ல முடியுதுங்களா?"

வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் பைகளைக் கை மாற்றிக்கொண்டார். "பாத்தா நல்ல பையனா தெரியறாருங்களே."

"அப்படித்தாங்க தெரிவான்" என்றேன், பெருமூச்சோடு.

அதற்குள் ஆரோக்கியம் வந்துவிட்டான். "எல்லாம் சரியாத்தான் மாமா இருக்குது. முள்ளு எறங்கி கெடக்குதே, நெசமாவே டீசல் போட்டீங்களா? டேங்க தொறந்து பாத்துடறேன்."

"வேணாம்!" என்று கத்தினேன். பஸ் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் மாமா?"

பதில் சொல்வதற்குள் பக்கவாட்டு மூடியைத் திறந்துவிட்டான். திறந்தவன் அப்படியே நின்றான்.

"என்னா மாமா இது, பொறந்த கொழந்தைக்கு தொப்புள்கொடி கட்டின மாதிரி?"

யாரோ பிளேடு கொடுத்தார்கள். டியூபை அறுத்து மூடியை ஒரு திருகு திருகினான். உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். நான் இதுவரை கேட்டதிலேயே நீளமானது. பஸ் டிரைவர் தன் டயரைத்தான் முதலில் குனிந்து பார்த்தார். டேங்க்கில் டீசல் வாய் வரைக்கும் தளும்பியது. முள்தான் இத்தனை நாளும் பொய் சொல்லியிருக்கிறது. ஷெட்டில் யாரும் எதையும் எடுக்கவில்லை. ஆரோக்கியம் போய்ச் சாவியைத் திருப்பினான். இரண்டு மூன்று உறுமலுக்குப் பிறகு வண்டி ஓடத் தொடங்கியது.

"டீசல் கொறையக் கொறைய காத்து உள்ள வரணும் மாமா. இந்த மூடியிலதான் அதுக்கு வழி. அதப் போயி அடைச்சி வெச்சா?" என்றான். "டீசல் லைன்ல எதக் கழட்டினாலும் அந்தப் பக்கமா காத்து பூந்து சரியாயிருக்குது. நானும் ஒரு மடையன், இங்க தொறந்து பாக்கவே இல்ல."

ஸ்டெல்லா இறங்கி வந்து பார்த்தாள். "எண்ணெ டின்னுல ஒரு பக்கம் ஓட்ட போட்டா எண்ணெ வராது, எதுத்தாப்புல இன்னொண்ணு போடணும்னு எனக்கே தெரியுமேங்க" என்றவள், டேப்பைக் கையில் எடுத்துத் திருப்பினாள். "இது என் நெயில் பாலிஷ் தானே?"

கூட்டம் சிரித்தது. ஆரோக்கியம் சிரிக்கவில்லை. அந்தச் சிவப்புக் கோட்டையும் என் இனிஷியலையும் பார்த்துக்கொண்டே நின்றான்.

"யாரு எடுத்துருவாங்கன்னு மாமா கட்டி வெச்சீங்க?"

நான் ஏரியைப் பார்த்தேன். அதில் தண்ணீர் போதுமான அளவு இருந்தது, விழுந்தால் மூழ்கலாம். அவனுக்குப் புரிந்துவிட்டது. வெள்ளைச் சட்டையில் விலாப்பக்கம் ஒரு கை அளவுக்குக் கிரீஸ். போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டான். இத்தனை வருடம் கையில் அழுக்கோடு எனக்கு உழைத்தவனை, பெண் பார்க்கப் போகும் நாளில் ஊர் முன்னால் திருடனாக நிறுத்திவிட்டேன்.

பஸ்ஸுக்கு வழிவிட்டு, பின்னாலேயே ஊருக்குள் போனோம். தரகர் சொன்ன வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வரவேற்க ஒருவர் நின்றிருந்தார்.

அதே பெரியவர். பலகாரப் பைகளை இன்னும் கீழே வைக்கக்கூட இல்லை.

"வாங்க, வாங்க. நான்தான் சின்னப்பன்" என்றார்.

ஏரியிலேயே விழுந்திருக்கலாம்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். ஸ்டெல்லாவுக்கு எதுவும் தெரியாது, ஏரிக்கரையில் நான் பேசியது அவள் காதில் விழவில்லை. எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஃபேனை என் பக்கம் திருப்பினார்கள். சின்னப்பன் பைகளோடு சமையலறைக்குள் போனார். முதலில் முணுமுணுவென்று பேச்சு. அப்புறம் ஒரு பெண்குரல் "அய்யய்யோ" என்றது. அப்புறம் பாத்திரம் விழுகிற அளவுக்குச் சிரிப்பு. எந்த வார்த்தைக்கு எந்தச் சிரிப்பு என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடிந்தது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். "ஏரிக்கரைல நான் சொன்னது அத்தனையும் தப்புங்க. இவன் சுத்தமான பையன். புத்தி கெட்டவன் நான்தான். என்ன வெச்சி இவன எடை போட்டுடாதீங்க" என்றேன். முத்திரை வைக்கும் வேலைக்கு வந்ததிலிருந்து இவ்வளவு கூட்டத்துக்கு முன் நான் கை கூப்பியதில்லை.

"என்ன சொன்னீங்க?" என்று ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வீட்டில் தனியாக விசாரணை நடந்தது, அது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

அதற்குள் ரோஸ்லின் காபித் தட்டோடு வந்துவிட்டாள். நேராக ஆரோக்கியத்திடம்தான் கேட்டாள். "உங்க மாமா பண்ணது தெரிஞ்சப்ப உங்களுக்கு கோவம் வரலீங்களா?"

அவன் காபியை எடுக்காமல் யோசித்தான். "வந்துச்சுங்க. இப்பவும் இருக்குது. ஆனா பின்னாடி பஸ்ஸு நின்னுச்சே. அத்தன பேரு வேலைக்கு போறவங்க. மொதல்ல வண்டிய எடுக்கணும் இல்லீங்களா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். சின்னப்பன் தொண்டையைச் செருமினார்.

"நாலு எடத்துல விசாரிக்கணும்னு இருந்தேன்ங்க. மாப்பிள்ளைய பத்தி கெட்டது சொல்ல எதிரி யாராச்சும் இருப்பாங்கல்ல, அவங்கள தேடிப் புடிச்சி கேக்கணும்னு. அவங்க வூட்டு ஆளே நடுரோட்ல நின்னு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. சொன்னது பொய்யின்னு டேங்கும் அங்கயே சொல்லிடுச்சு. இதுக்கு மேல எங்க போயி விசாரிக்கறது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன்ங்க. கல்யாணத்துக்கு உங்க வண்டி வேணாம்."

கல்யாணம் நடந்தது. வாடகை வண்டியில்தான்.

ஆரோக்கியம் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, அவனாகவே என் வண்டியின் பக்கத்தில் நின்று கண்ணை மூடிச் சத்தம் கேட்டான். "ஃபேன் பெல்ட்டு மாமா" என்றான். ஏசி பெல்ட் என்று பிறகு தெரிந்தது. நான் இரண்டையும் மாற்றச் சொன்னேன். அந்தத் தடவையும் கூலி வாங்கவில்லை.

அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பனாக நீங்கள்தான் நிற்க வேண்டும் என்று இருவருமாக வந்து கேட்டார்கள்.

ஞானஸ்நானத்தன்று கோயிலில் குழந்தையின் பக்கத்தில் நின்றேன். அந்தச் சடங்கில் பங்குச் சாமியார் ஒவ்வொன்றாகக் கேட்பார், விசுவசிக்கிறீர்களா, அதாவது நம்புகிறீர்களா என்று. ஞானத்தகப்பன் பதில் சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க" என்றார் சாமியார்.

"விசுவசிக்கிறேன்!" என்று கத்தினேன்.

பெண்கள் பக்கமிருந்து முதலில் சிரித்தவள் ஸ்டெல்லா. அடுத்து என் பக்கத்தில் நின்ற ரோஸ்லின், கையில் குழந்தையோடு குலுங்கினாள். சின்னப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது கேள்விக்குக் கோயிலே காத்திருந்தது. நான் சொன்னதும் பீடத்தில் சாமியாருக்கு உதவும் பையன்கள் வரைக்கும் சிரித்தார்கள். அந்தக் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த சாமியார், எங்கள் குடும்பத்தின் விசுவாசத்தைப் பற்றி என்ன நினைத்தாரோ. ஆரோக்கியம் மட்டும் மெழுகுவத்தியைப் பிடித்தபடி, "நெசமாத்தான் சொல்றாருங்க ஃபாதர்" என்றான். அதற்குப் பிறகு சடங்கு முடிய வெகு நேரமானது.

அதிலிருந்து வீட்டில் நான் எதற்குச் சரி என்றாலும் யாராவது ஒருவர், "சத்தமா சொல்லுங்க" என்பார்கள். காய்கறிக்காரரிடம் கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்தால் ஸ்டெல்லா கேட்பாள், விசுவசிக்கிறீங்களா என்று. இப்போது குழந்தைக்கே பேச்சு நன்றாக வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் விளையாடப் போகும்முன் தன் பிஸ்கட் பாக்கெட்டை என்னிடம் கொடுத்து வைப்பாள். கொடுத்துவிட்டுக் கையை எடுக்க மாட்டாள். என் முகத்தையே உற்றுப் பார்ப்பாள்.

"தின்னுட மாட்டேல்ல மாமா? சத்தமா சொல்லு."

சத்தமாகத்தான் சொல்கிறேன். போகும்போது எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டுதான் போகிறாள்.